டாக்டர் வெல்லத்தின் கடைசி டோக்கன்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் இட்டுக்கட்டியது என்றால் தூத்துக்குடிக் கடல் நாளைக் காலையில் வற்றிப்போய், அதில் நான் மாட்டுவண்டி ஓட்டி வயிறு கழுவும்படி ஆகட்டும். இன்னொருத்தன் மண்டைக்குள் ஓடியது உமக்கு எப்படி ஐயா தெரியும் என்று நடுவில் யாரும் கேட்கக் கூடாது, அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம், மூன்றாவது மாடி வீடு, சாளைமீன் குழம்பு வாசம் இன்னும் போகாத ஒரு கூடம், அதன் நடுவில் பாயில் மல்லாந்து கிடக்கிற செல்வின். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அவன் நகரக் கூடாது. நகர்ந்தால் டிரிப்ஸ் கழன்றுவிடும். டிரிப்ஸ் என்பது ஒரு சிவப்பு ரிப்பன். ஒரு முனை சாப்பாட்டு மேசைக் காலில், மறு முனை அவன் வலது உள்ளங்கையில், கைக்கும் ரிப்பனுக்கும் நடுவே ஒரு ரப்பர் யானை. யானை எதற்கு என்று கேட்டதற்கு, "ஊசி குத்தும்போது பேஷண்ட்டு எதையாவது இறுக்கிப் பிடிக்கணும்" என்று நர்ஸ் மூக்கால் பேசி, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டுவிட்டாள். நர்ஸ் என்றால் அவன் மகள் ஷெரின், ஐந்து வயது இன்னும் முடியவில்லை. டாக்டர் அவள் இல்லை. டாக்டர் வெல்லம் என்கிற கரடிதான் டாக்டர், அச்சுவெல்ல நிறம், ஒரு கண் போன இடத்தில் நூல் தொங்கும், டியூட்டியில் நர்ஸின் காதுக்குள் மட்டும்தான் வாய் திறப்பார். காய்ச்சல் கண்ட டைனோசருக்கு முதல் டோக்கன், வயிற்றுவலி வந்த மஞ்சள் ஜேசிபிக்கு அடுத்தது, கடைசி டோக்கன் செல்வினுக்கு. டைனோசர் மாத்திரை விழுங்க மாட்டேன் என்று அடம் பிடித்ததில் நேரம் போய்க்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி வோல்டேஜ் இல்லாமல் சோம்பிச் சுற்றியது, ஒரு இறக்கையில் மட்டும் அழுக்கு கூடுதல், அந்தக் கறுப்பு வந்து வந்து போனது, போய்ப் போய் வந்தது, அதையே பார்த்துக் கிடக்கையில் நெஞ்சின் மேல் யாரோ மெதுவாக உட்கார்ந்தார்கள். கழுத்துவரை போர்த்தியிருந்த துண்டின் கனம் என்றுதான் முதலில் நினைத்தான். துண்டு அப்படியேதான் இருந்தது. உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வசதியாகச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

வாயு. வாயுதான். சாளையை மூக்குமுட்டத் தின்றுவிட்டு உடனே படுத்தால் வேறென்ன வரும், ஒரு ஏப்பம் வந்தால் எல்லாம் இறங்கிவிடும், வா ஏப்பமே வா, வரவில்லை, தாடையில் ஏன் வலிக்கிறது, மீன்முள் குத்தியிருக்கும், முள் குத்தினால் இரண்டு பக்கமுமா வலிக்கும், இடது கை எங்கே, இருக்கிறது, பக்கத்தில்தான் கிடக்கிறது, ஆனால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன் தூங்கிச் சாய்ந்த கை மாதிரி அடுத்தவன் கனமாக இருக்கிறது. அப்பாவுக்கும் வாயு என்றுதான் சொன்னார்கள். பழைய துறைமுகத்தில் மூட்டை ஏற்றிவிட்டு நிழலில் உட்கார்ந்தவருக்குப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள், அவரும் குடித்துவிட்டு இப்ப தேவல என்றாராம், அந்தத் தேவலதான் அவருடைய கடைசிச் சொல், டம்ளரைக் கூடக் கீழே வைக்கவில்லை. பெருங்காய வாசம் வந்தால் செல்வின் இன்றைக்கும் சாம்பாரைத் தள்ளி வைத்துவிடுவான். மனைவி ஜெனிட்டா அதைச் செல்லம் என்பாள். இப்போது கூடத்தில் மீன் வாசத்துக்கு அடியிலிருந்து அந்த வாசம் வருகிறதா, வரவில்லை, வரக் கூடாது, எங்கிருந்து வரும். எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று முழங்கையை ஊன்றினான். மேலே உட்கார்ந்திருந்தவர் சும்மா ஒரு விரலால் அவனைத் திருப்பிப் படுக்க வைத்தார். "ஆடக் கூடாது" என்றாள் நர்ஸ், டைனோசரின் வாயைப் பிளந்தபடியே. "ஆடினா ரத்தம் பின்னால போயிரும்."

கத்தலாம். ஷெரின், அப்பாவுக்கு நிஜமாவே வலிக்கிம்மா என்று ஒரு கத்து. கத்தினால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விட்ட மாதத்திலிருந்து இந்தப் பிள்ளை வாயைத் தைத்துக்கொண்டது. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டும், பசித்தால் தட்டைக் காட்டும், வேண்டாமென்றால் தலை. காதைச் சோதித்தார்கள், நாக்கைச் சோதித்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள், நன்றாக இருக்கிற நாக்கு சும்மா கிடந்தது. கடைசியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு டீச்சர்தான் சொன்னது: "கூட உக்காந்து விளையாடுங்க சார். அவ கட்டைய ரயில்னு சொன்னா அது ரயில்தான், நீங்க டிக்கெட் கேட்டு ஏறணும். திருத்தக் கூடாது. பாதியில எந்திரிச்சுப் போகக் கூடாது." அன்று சாயங்காலமே செல்வின் சொப்புச் சாமான்களுக்கு நடுவில் சம்மணம் போட்டான். ரயில் ஓட்டினான், திமிங்கிலத்துக்குப் பல் விளக்கினான், நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இலங்கைவரை போய்த் திரும்பினான். கதை அளப்பது அவனுக்குப் புதிதா என்ன. "இந்த வீட்டுக்கு ஒரு பொய்யன் போதாதாக்கும், பிள்ளையையும் பழக்குங்க" என்று ஜெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஒருநாள் கரடி மூக்கால் பேசி "சிஸ்டர், எனக்குத் தண்ணி" என்று கேட்கும்வரை. அன்றைக்கு அவள் கரடிக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதாள். அதிலிருந்து நர்ஸ் பேசுவாள், கரடி பேசும், ஜேசிபி டிரைவர் வாய் ஓயாமல் பேசுவார். ஷெரின் மட்டும் பேசமாட்டாள். அவளுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துகொண்டு வந்தது. ஒருமுறை கம்பெனியிலிருந்து போன் வந்து ஆட்டத்தின் நடுவில் எழுந்து போனான். அவ்வளவுதான், கரடியும் ஊமை, டிரைவரும் ஊமை, வீடு மறுபடி கல்லறைத் தோட்டமாகிவிட்டது. எத்தனை கெஞ்சி எத்தனை ரயில் ஓட்டித் திரும்ப வரவழைத்த குரல். இப்போது கத்தி, அவள் பயந்து, அந்தக் கதவு திரும்பவும் சாத்திக்கொண்டால். கத்தாமல் இருந்து, இது வாயு இல்லை என்றால்.

"சிஸ்டர்" என்று மெதுவாகக் கூப்பிட்டான். "எனக்கு ரொம்ப முடியல. டாக்டர முதல்ல என்னப் பாக்கச் சொல்லுங்க." நர்ஸ் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாப் பேஷண்ட்டும் இப்படித்தான் சொல்லுதாங்க. டோக்கன் வரட்டும்." எங்கேயோ கேட்ட பேச்சு, கெட்டிக்காரி, ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனதில் இத்தனையையும் பிடித்து வைத்திருக்கிறாள் என்று அந்த வலியிலும் ஒரு பெருமை எழுந்தது, எழுந்த இடத்திலேயே மேலே உட்கார்ந்திருந்தவர் அதை நசுக்கினார். டைம்ப்ளீஸ். அதுதான் வழி. அந்த விதியை உண்டாக்கியதே அவன்தான். ரசாயனக் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவு அவனுக்கு, மாக் டிரில் என்று விபத்து ஒத்திகை நடக்கும்போதெல்லாம் அடிபட்டவன் வேஷம் அவனுக்குத்தான் வரும், விஷவாயு தாக்கியவனாக அவன் துடிக்கிற துடிப்பைப் பார்த்து ஆபீசர்களே பயந்திருக்கிறார்கள், கைதட்டியிருக்கிறார்கள். ஒரு டிரில்லில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய இசக்கி நிஜமாகவே மயங்கி விழுந்தான். அதற்கும் கைதட்டினார்கள். வெயிலில் வெகுநேரம் கிடந்தான் இசக்கி, செல்வினை மிஞ்சிட்டாண்டே என்று சிரித்தார்கள், நல்லவேளை பிழைத்தான். அதற்குப் பிறகு கம்பெனியில் ஒரு விதி வந்தது: நிஜம் என்றால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். அந்த விதியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து ஷெரினுக்குச் சொன்னான். பொம்மையைக் கீழே வைத்து, வெறுங்கையைக் காட்டி, டைம்ப்ளீஸ் என்றால் ஆட்டம் நின்றுவிடும், அப்புறம் சொல்வதெல்லாம் நிஜம். என்றைக்காவது அவள் அதைச் சொல்லி, நர்ஸும் டிரைவரும் இல்லாமல் தானாக வந்து அவனிடம் பேசுவாள் என்ற ஆசை. அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவன்தான் சொன்னான், ஒரே ஒரு தரம். வெறுங்கையைக் காட்டி டைம்ப்ளீஸ் என்றான், அவளும் நம்பிப் பக்கத்தில் வந்தாள், உடனே கண்ணை உருட்டிப் பேயாக எழுந்து கத்தினான். விளையாட்டுக்குத்தான். அவள் சிரிக்கவில்லை.

"டைம்ப்ளீஸ்" என்றான் இப்போது. குரல் அவனுக்கே காற்றுப்போன டியூப் மாதிரி கேட்டது. நர்ஸ் ஜேசிபியின் வயிற்றிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். "கையில யானை இருக்கு" என்றாள். "செல்லாது." யானையை விட்டுவிட விரலைத் திறந்தான், திறந்தாலும் அது விழாது, அத்தனை முடிச்சு, உள்ளங்கையோடு உள்ளங்கையாக ஒட்டிக்கொண்டு அந்த ரப்பர் யானை துதிக்கையைத் தூக்கி அவனுக்கு ஆசீர்வாதம் பண்ணியது. இடது கையால் அவிழ்க்கலாம், இடது கை பஸ்காரனுடையது, அவன் இன்னும் தூங்குகிறான். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குக்கர் உறுமியது. அடுப்பே எரியவில்லை, குக்கர் எப்படி உறுமும் என்று ஒரு கணம் பயந்து, பிறகு ஞாபகம் வந்து இன்னும் கூடப் பயந்தான். பேஷண்ட்டு போன் வச்சிருக்கக் கூடாது என்று நர்ஸ் அட்மிஷன் போடும்போதே பிடுங்கிக்கொண்டு போய் லாக்கரில் வைத்தாளே, லாக்கர் குக்கர்தான். ஜெனிட்டாவாக இருக்கும். கோயிலில் பாடகர் குழுவுக்குப் பழக்கம் நடக்கிற நேரம், இடைவேளையில் பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்கக் கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் என்ன நினைப்பாள், ரயில் ஓட்டுகிறான் பொய்யன் என்று நினைப்பாள், நினைத்துவிட்டுத் திரும்பப் பாடப் போய்விடுவாள். குக்கர் உறுமி உறுமி நின்றது. நின்றபிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

சரி, ஆட்டத்தை நிறுத்த முடியாவிட்டால் ஆட்டத்துக்குள்ளேயே ஓடலாம். திருத்தக் கூடாது, டிக்கெட் கேட்டு ஏறணும். வேர்வை கண்ணுக்குள் இறங்க, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து வெளியே தள்ளினான்: "சிஸ்டர், இந்தப் பேஷண்ட்ட இங்க பாக்க முடியாது. பெரிய டாக்டருக்கு அனுப்பணும். எதிர்வீட்டுல கனி அத்தை இருக்காங்கல்லா, அவங்கதான் பெரிய டாக்டர். ஆம்புலன்ஸ எடுத்துட்டுப் போயி, பேஷண்ட்டு சீரியஸ், உடனே வாங்கன்னு சொல்லுங்க." நர்ஸ் கரடியின் வாயில் காதை வைத்துக் கேட்டாள். டாக்டர் வெகுநேரம் யோசித்தார். பிறகு ஜேசிபி உறுமியது, டிரைவர் "வழி விடு, வழி விடு" என்றார், வாசல் கதவு திறந்தது, நடைபாதையில் சைரன் போனது. போகட்டும், போகட்டும், முத்துக்கனி அக்கா கெட்டிக்காரி, கதவைத் தட்டுகிற சத்தம், செருப்பு இழுபடுகிற சத்தம், "யாத்தீ, ஜேசிபிக்காரரா! வாங்க டிரைவர் அண்ணாச்சி!" என்று அந்த வெண்கலக் குரல். "பேஷண்ட்டு சீரியஸ். உடனே வாங்க" என்று டிரைவர் கட்டைக் குரலில். அப்படித்தான், சொல்லு ராசாத்தி. "சீரியஸா! ஐயோ பாவம், இந்தாங்க மருந்து, இத வாயில போட்டா செத்தவன் எந்திரிச்சிருவான். சீரியல் முடியவும் பெரிய டாக்டர் வாராங்கன்னு போயிச் சொல்லுங்க, என்ன." சிரிப்பு. கதவு சாத்துகிற சத்தம். அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது, பிள்ளை பேச வேண்டுமானால் நீங்களும் கூட விளையாடுங்க அக்கா, திருத்தாதீங்க என்று அவளுக்குப் பாடம் எடுத்ததே அவன்தான். ஜேசிபி திரும்பி வந்தது. அதன் தொட்டியில் ஒரு மக்ரூன் இருந்தது. நர்ஸ் அதை அவன் உதடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள், கரைந்தது, முந்திரியும் சீனியுமாக, வாழ்க்கையில் தின்றதிலேயே இனிப்பான மக்ரூன், விழுங்க முடியவில்லை. அப்பா கையில் டம்ளர் இருந்தது. என் வாயில் மக்ரூன்.

இனி என்ன நடக்கும் என்று அவனுக்குப் படம் படமாகத் தெரிந்தது, மின்விசிறியின் கறுப்பு வந்து போகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படம். அவன் மூச்சு நிற்கும். அவள் துண்டை இழுத்துச் சரியாகப் போர்த்திவிடுவாள். அப்பா நல்லா நடிக்காங்க என்று நினைப்பாள். சொப்புச் சட்டியில் சோறு ஆக்கி வாயில் வைப்பாள், பக்கத்தில் டைனோசரைப் படுக்க வைப்பாள், அது அவனுக்குக் காவல். இப்போது கண்ணை உருட்டி எழுந்து கத்துவான், இப்போது கத்துவான் என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காத்திருப்பாள், பயமாகவும் ஆசையாகவும், ஜெனிட்டா பாடி முடித்து, பாட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்து, பூ வாங்கிக்கொண்டு படியேறி வருகிறவரை காத்திருப்பாள். பேயாக வந்தவன் அன்றைக்குப் பேயாக வரமாட்டான். அதற்கப்புறம் அவள் எந்தக் கட்டையையும் ரயில் என்று சொல்லமாட்டாள். சாவு கூடப் பரவாயில்லை, இது வேண்டாம், இது மட்டும் வேண்டாம் ஆண்டவரே, ஒரு ஏப்பம் தாரும், இல்லாவிட்டால் அவளைத் தூங்கவாவது வையும். "கடைசி டோக்கன்" என்று கூப்பிட்டாள் நர்ஸ். குட்டி முழங்கால்கள் அவன் பக்கத்தில் வந்து ஊன்றின. பிளாஸ்டிக் ஸ்டெதஸ்கோப் நெஞ்சில் இறங்கியது, யார் உட்கார்ந்திருந்தாரோ அவர் மடியிலேயே. ஒன்றும் கேட்காத அந்தக் குழாயில் அவள் கேட்டாள். இடம் மாற்றி வைத்துக் கேட்டாள். பிறகு அவன் நெற்றியில் கைவைத்து, கையை எடுத்து, விரலில் வழிந்ததைப் பார்த்தாள். அவள் வாய் மூடிக்கொண்டது. நர்ஸ் எங்கோ போய்விட்டாள். அந்த முகத்தை அவனுக்குத் தெரியும், பள்ளிக்கூட வாசலில் பார்த்த முகம், கதவு சாத்திக்கொள்கிற முகம். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடினான். கரடி பேசுவது கேட்டது, மூக்கால், மிக மெதுவாக: "சிஸ்டர், விளையாட்டுல வேர்க்காதுல்லா. இது நம்ம ஆஸ்பத்திரி வியாதி இல்ல."

ரிப்பனில் விரல்கள் ஊர்ந்தன. ஒரு முடிச்சு, அடுத்த முடிச்சு, நகம் இல்லாத பிஞ்சு விரல், கடைசி முடிச்சைப் பல்லால் கடித்தாள், அவள் எச்சில் அவன் மணிக்கட்டில் குளிர்ந்தது. யானை போனது. கை வெறுங்கையானது. அவன் தலைமாட்டில் ஒவ்வொன்றாக வைக்கிற சத்தம், ஸ்டெதஸ்கோப், ஜேசிபி, கடைசியாகக் கரடி, அதன் தலை அவன் காதோடு சாய்ந்தது. கண்ணைத் திறந்தான். அவனுக்கு மேலே இரண்டு சின்ன உள்ளங்கைகள் விரிந்திருந்தன, ஒன்றுமே இல்லாமல். "டைம்ப்ளீஸ்ப்பா" என்றாள் ஷெரின். மூக்கால் இல்லை, கட்டையாகவும் இல்லை. கொஞ்சம் கரகரப்பான, வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டி திறக்கிற மாதிரியான ஒரு குரல். அவன் தன் வெறுங்கையை ஒரு விரல் உயரம் தூக்கிக் காட்டினான். காலடி ஓடியது. சைரன் இல்லை. எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம். "வாங்க டிரைவர் அண்ணாச்சி, இப்ப என்ன..." என்று ஆரம்பித்த வெண்கலக் குரல் பாதியில் நின்றது. இந்தப் பிள்ளை ஒரு பொம்மை இல்லாமல் அந்த வாசலுக்கு வந்ததே கிடையாது. கைகளைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாள். மின்விசிறி எத்தனையோ தடவை சுற்றியது, பேசு தாயி, பேசு, உனக்கு வருமே. "கனி அத்தை" என்றது அந்தக் கரகரத்த குரல். "எங்க அப்பாவுக்கு நிஜமா முடியல." "ஏ பிள்ள!" என்ற அலறலும், ஏதோ பாத்திரம் உருள்வதும், "யாராவது ஓடிவாங்கய்யா, செல்வின் தம்பிக்கு என்னமோ ஆயிட்டு!" என்று படிக்கட்டு முழுக்க இடிகிற அந்தக் குரலும், அப்புறம் ஆட்டோச் சத்தமும் அவனுக்கு ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. ஆட்டோவுக்குத் தூக்கிப்போகையில் நெஞ்சில் இருந்தவரும் கூடவே ஏறி உட்கார்ந்தார். ஆனால் ஷெரினும் ஏறியிருந்தாள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வழி முழுவதும், ஆட்டோக்காரரிடமும் கனியிடமும் ரோட்டில் போகிறவர்களிடமும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு.

இப்போது நன்றாக இருக்கிறான். மாடி ஏறும்போது மட்டும் நின்று நின்று ஏறுகிறான், அதற்குள் அவள் மேலே போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்து, வாங்க கிழவா என்று கிண்டல் பண்ணுகிறாள், சொந்தக் குரலில்தான். ஜெனிட்டா போன் எடுக்கவில்லை என்றால் முதலில் குக்கரைத்தான் திறந்து பார்க்கிறாள். சரி, அவன் மண்டைக்குள் ஓடியதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்கிறீர்கள். அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போனபிறகு, திறந்து கிடந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, சத்தம் கேட்டு ஓடிவந்த கீழ்வீட்டுக்காரன் என்னைத்தான் நிறுத்திவிட்டுப் போனார்கள். பாயில், அவன் தலை இருந்த பள்ளத்துக்குப் பக்கத்தில், அந்த ஒற்றைக்கண் டாக்டர் சாய்ந்து கிடந்தார். அவன் காதோடு காது வைத்துக் கிடந்தவர் அவர்தானே. நான் கேட்டேன், அவர் சொன்னார். உங்கள் காலில் விழுகிறேன், கதையை ஊரெல்லாம் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். பேஷண்ட் ரகசியத்தை வெளியே விட்டது தெரிந்தால் நர்ஸ் அவரை வேலையை விட்டே தூக்கிவிடுவாள்.